அளவுக்கு நின்றவள்

பழைய கட்டிடங்களைப் பற்றி யாராவது உருகிப் பேச ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வரும். உருகுகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கட்டிடங்களுக்குள் காலே வைத்திருக்க மாட்டார்கள். நான் வைத்திருக்கிறேன். வக்கீலாகப் பதிவு செய்த நாளிலிருந்து, வழக்கில் மாட்டிக்கொண்ட வீடுகளையும் கிட்டங்கிகளையும் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதும் கமிஷனர் வேலைதான் எனக்கு அதிகம் கிடைத்தது. நல்ல வழக்குகளை ஆண்கள் எடுத்துக்கொண்டு, வௌவால் எச்சத்தை மட்டும் இந்த ராஜஸ்ரீக்கு ஒதுக்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதித்தால் இறங்கும் மாடிப்படி, மூலைக்கு மூலை மூத்திர நாற்றம், திறந்தால் கரப்பான் பறக்கும் அலமாரி. அழகெல்லாம் தெருவில் நின்று பார்க்கிறவர்களுக்கு.

பஞ்சாபீஸ் என்று ஊரில் சொல்கிற பழைய பஞ்சு ஆபீஸும் அப்படித்தான் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் பருத்தி வாங்கித் தூத்துக்குடிக்கு அனுப்பிய ஒரு கம்பெனி கட்டியது. முகப்பில் வரிசையாகச் செங்கல் வளைவுகள், ஒவ்வொன்றிலும் பஞ்சுப்பொதி ஏற்றிய வண்டி அப்படியே நுழையலாம். பிறகு அதை ஒரு ஜவுளிக்காரக் குடும்பம் வாங்கியது. அண்ணன் பிள்ளைகளும் தம்பி பிள்ளைகளும் பங்கு கேட்டுக் கோர்ட்டுக்கு வந்தார்கள். வழக்கு முடிவதற்குள் பின்கட்டுக் கூரை விழுந்துவிட்டது. கடைசியில் அலுத்துப்போய் எல்லோருமாகச் சேர்ந்து விற்றார்கள். வாங்கியவர்கள் முகப்பை மட்டும் விட்டுவைத்துப் பின்னால் இருந்ததை இடித்துவிட்டு மால் கட்டினார்கள். இப்போது கீழே துணிக்கடை, செருப்புக்கடை, சாப்பாட்டுக்கடை. மூன்றாவது மாடி முழுக்க சினிமா தியேட்டர்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. குளுகுளுவென்று இருக்கிறது, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. சித்திரை வெயிலில் கோர்ட்டிலிருந்து திரும்பும்போது சும்மாவே நுழைந்து உட்கார்ந்து வந்திருக்கிறேன்.

நான் முதன்முதலாகக் கமிஷனராகப் போனதும் அந்தப் பஞ்சாபீஸுக்குத்தான். சர்வேயர், இரண்டு தரப்பு வக்கீல்கள், அவர்களுக்குப் பின்னால் முறைத்துக்கொண்டு பங்காளிகள், எல்லோருக்கும் கடைசியாக போட்டோகிராபர் முத்திருளன். கோர்ட்டுக்கு எதிரே சின்னதாக ஸ்டூடியோ வைத்திருந்தார். வாயைத் திறக்காத மனிதர். அவருக்குப் பின்னால் ஒரு நீளக் கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தவள் அவர் மனைவி ஒச்சாயி. கீழக்குயில்குடி கிராமத்துக்காரி. நெடுநெடுவென்று இருப்பாள், நடையில் ஒரு விறைப்பு. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், அதனால் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

கல்யாணப் போட்டோவில் அழகு இருந்தால் போதும். கோர்ட் போட்டோவில் அளவு இருக்க வேண்டும். விரிசல் எவ்வளவு நீளம், ஜன்னல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஜட்ஜ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்ள வேண்டுமே. அதற்காக, அடிக்கு ஒரு நிறமாகச் சிவப்பும் வெள்ளையும் அடித்த கம்பு ஒன்றைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுப்பார்கள். கம்பு தானாக நிற்காது. அதைச் சாயாமல் பிடித்துக்கொண்டு நிற்பது ஒச்சாயியின் வேலை. வேலைதான், ஆனால் அதற்குப் பெயர் கிடையாது.

முதல் படத்துக்கு முத்திருளன் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனதும், அவள் சட்டென்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து, இந்தப் பக்கம் பாருங்களேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வக்கீல்களும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தார்கள். அந்த வழக்கில் இரண்டு தரப்பும் ஒத்துப்போனது அநேகமாக அந்த ஒரு விஷயத்தில்தான்.

காரணத்தைப் பிறகு முத்திருளன் சொன்னார். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில், சமயநல்லூரில் ஒரு தோட்டத்து வழக்கு. கிணற்றடியில் ஒச்சாயி கம்போடு நின்றாள், படம் எடுத்துத் தாக்கல் செய்தாயிற்று. எதிர்த்தரப்பு ஆட்சேபணை போட்டது. படத்தில் நிற்கும் பெண் வாதியின் சொந்தக்காரி, தோட்டம் வாதியின் சுவாதீனத்தில் இருப்பதாகக் காட்டவே அவளை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று. ஒச்சாயியைக் கூண்டில் ஏற்றி விசாரித்தார்கள். நீ யார், எதற்காக அங்கே நின்றாய் என்று வக்கீல் துருவித் துருவிக் கேட்டதற்கு, நிற்கச் சொன்னார்கள் நின்றேன் என்பதைத் தவிர அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கோர்ட்டே சிரித்ததாம். அதற்குப் பிறகு, படத்தில் ஆள் முகம் தெரியக் கூடாது என்று ஆகிப்போனது. முகம் இல்லாவிட்டால் யாரென்று சொல்ல முடியாது, யாரென்று சொல்ல முடியாவிட்டால் ஆட்சேபணை போட முடியாது. எங்கள் வக்கீல்களின் புத்தி அப்படி வேலை செய்யும். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் "திரும்பிக்க" என்று முத்திருளன் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேமரா அவர் நெஞ்சிலிருந்து கண்ணுக்கு ஏறும்போதே அவள் கழுத்து திரும்பிவிடும்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவள் கூண்டில் நின்ற அன்றைக்கு அவள் ஊர்க்காரர் ஒருவர் வேறு ஏதோ வாய்தாவுக்கு வந்திருக்கிறார். பார்த்தவர் சும்மா இருப்பாரா. சாயங்காலத்துக்குள் கீழக்குயில்குடியில் ஒச்சாயி மேல் கேஸ் என்று செய்தி பரவிவிட்டது. என்ன கேஸ் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் போய்த் தன் வேலையை விளக்கினாள். சுவரோரம் கம்பு பிடித்து நிற்பேன் என்றாள். எவனாவது சும்மா நிற்பதற்குக் கூட்டிப்போவானா என்று கேட்டுச் சிரித்தார்கள். போட்டோவைக் காட்டலாம் என்றால், அவை கோர்ட் கட்டுக்குள் போய்விட்டவை. வீட்டில் இருந்த ஒன்றிரண்டிலும் முகம் இல்லை. இது நீதான் என்று எப்படி நம்புவது என்று அவள் அம்மாவே கேட்டாளாம். மகள் கேஸ் முடியாமலே அலைகிறாள் என்ற கவலையோடுதான் அந்த அம்மா போய்ச் சேர்ந்தாள்.

இந்த ஊர்க் கதையையெல்லாம் ஒச்சாயி ஒரேயடியாகச் சொல்லவில்லை. கமிஷனர் வேலையில் பாதி நேரம் காத்துக் கிடப்பதுதான். சாவி வரவில்லை, சர்வேயர் வரவில்லை, ஒரு தரப்பு வக்கீல் இன்னும் கிளம்பவில்லை என்று ஏதாவது ஒன்று இருக்கும். அந்த நேரங்களில் ஏதாவது படிக்கட்டில் உட்கார்ந்து, முழங்காலை நீவிக்கொண்டே துண்டு துண்டாகச் சொல்வாள். குரலில் புகாரே இருக்காது. பஸ் லேட் என்று சொல்வதுபோலச் சொல்வாள்.

ஒன்றே ஒன்றைச் சொல்லும்போது மட்டும் அவள் என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஒரே தங்கை, சின்னத்தாய். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒச்சாயிக்குப் பிள்ளை இல்லை, தங்கை மகளைத்தான் தூக்கி வளர்த்தாள். அந்தப் பெண்ணுக்குப் பரிசம் போட வந்த அன்று தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு முன்னால் போக வேண்டியவள் பெரியம்மா. சின்னத்தாய் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் விசாரித்தால் கோர்ட்டுக்கு அலைகிறவள் என்று தெரிந்துவிடும், நீ அடுப்படியிலேயே இருந்துகொள் என்று சொல்லிவிட்டாள். ஒச்சாயி இருந்துகொண்டாள். அன்றைக்கு வந்த கூட்டத்துக்கெல்லாம் பந்திக்குக் குழம்பு கொதிக்கவிட்டது அவள்தான்.

"அவ கெட்டவ இல்லம்மா, மக வாழ்க்கை அவளுக்கு" என்று முடித்தாள். முடித்துவிட்டு, பஞ்சாபீஸ் செங்கல் இடுக்கில் அப்பியிருந்த பழைய பஞ்சைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டே இருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஊருக்கு வந்து நான் சொல்கிறேன் என்றேன். வக்கீலம்மாவே கூட வந்தால் கேஸ் பெரிய கேஸ் என்று முடிவு கட்டிவிடுவார்கள் என்றாள். அதுவும் உண்மைதான்.

வருடங்கள் போயின. எல்லா வழக்குகளும் போவதுபோல. வாய்தா, மனு, மறு ஆய்வு, மறுபடி கமிஷனர். பஞ்சாபீஸுக்கே எத்தனை தடவை போயிருப்போம் என்று நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் கட்டிடம் கொஞ்சம் சரிந்திருக்கும், ஒச்சாயியின் நடையும் கொஞ்சம் சரிந்திருக்கும். முழங்கால் தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். நிற்கிற வேலையை விட்டுவிடச் சொன்னார். அவள் விடவில்லை, வேலைதான் அவளை விட்டது. கமிஷனர்கள் போனிலேயே படம் எடுத்து, போனிலேயே அளந்துகொள்ள ஆரம்பித்தார்கள். முத்திருளனுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று, ஸ்டூடியோவை மூடினார். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். யாரும் அழவில்லை. இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்ததே பெரிது என்றிருந்தது.

அப்படியிருக்கையில்தான் சுஷ்மா என்னைத் தேடி வந்தாள். மாலின் விளம்பர வேலைகளைப் பார்க்கிற பெண். மரியாதையான பெண்தான், ஆனால் உட்காரும்போதே எழுந்து ஓடத் தயாராக உட்காருகிற ரகம். கட்டிடம் வாங்கியபோது வந்த காகிதக் கட்டுகளில் என் பழைய கமிஷனர் அறிக்கை ஒன்று இருந்திருக்கிறது. அதில் ஒட்டியிருந்த ஒரு படத்தைப் போனில் பிடித்து வைத்திருந்தாள். முகப்பு முழுவதும், ஓரத்தில் கம்போடு ஒச்சாயி. நான் முதன்முதலாகப் போன அன்றைய படம்.

"மேம், இந்த லேடி மாடலா?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது. அவர்களுடைய திட்டம் இதுதான். தியேட்டர் மாடியில், எல்லோரும் கடந்து போகிற சுவரில், அந்தப் பழைய படத்தைச் சுவர் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டுவது. பக்கத்திலேயே இன்றைய மால் கட்டிடத்தை அதே இடத்திலிருந்து, அதே கோணத்தில் எடுத்து மாட்டுவது. எடுத்தவரே எடுத்தால் நன்றாக இருக்கும், நின்றவரே நின்றால் இன்னும் நன்றாக இருக்கும்.

நாகமலை புதுக்கோட்டைக்கு இரண்டு பேருமாகப் போனோம். முத்திருளன் படத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, வளைவு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்றார். தான் எடுத்த படத்தைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். ஒச்சாயி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் எண்ணெய் பளபளத்தது. நிற்க முடியாது என்று சொல்லிவிட்டாள். சுஷ்மா கெஞ்சிப் பார்த்தாள், கார் அனுப்புகிறோம், நாற்காலி போடுகிறோம், ஐந்து நிமிஷ வேலை என்றெல்லாம் சொன்னாள். ஒச்சாயி காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. காபி ஆறிப்போனது. நாங்கள் கிளம்ப எழுந்தபோதுதான் கேட்டாள்.

"அந்தச் சுவத்துல மாட்டுனா ஊரு சனம் பாக்குமா?"

தினமும் ஆயிரக்கணக்கில் பார்ப்பார்கள் என்றாள் சுஷ்மா.

"அப்ப இந்தத் தடவ மூஞ்சியக் காட்டித்தான் நிப்பேன். அதத்தான் மாட்டணும். சம்மதம்னா வாரேன்."

சுஷ்மா என்னைப் பார்த்தாள். இரண்டு படமும் ஒரே மாதிரி இருந்தால்தான் ஜோடி சேரும் என்று இழுத்தாள். நான் வக்கீல் குரலை எடுத்தேன். முகம் தெரிகிற படம் வந்தால் அதைத்தான் மாட்டுவோம் என்று சொல்லிவிட்டுப் போம்மா, இல்லாவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம் என்றேன். சுஷ்மா அப்படியே வாக்குக் கொடுத்தாள். முத்திருளன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் எடுக்கிற நாள் காலையில், மால் திறப்பதற்கு முன்பே போய்விட்டோம். துப்புரவுப் பெண்கள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். போட்டோ எடுக்க அனுமதி இல்லை என்று ஒரு காவலாளி குறுக்கே வந்து, சுஷ்மாவைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டார். ஒச்சாயியைக் காரிலிருந்து இறக்கியபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. கிளிப்பச்சைப் பட்டுச்சேலை. தலை நிறைய மல்லிகை. முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக. மூக்குத்தியைத் துலக்கிப் போட்டிருந்தாள். தங்கை மகள் பரிசத்துக்கு எடுத்த சேலையாம், அன்றைக்கு அடுப்படிக்கு எதற்கு என்று கட்டாமலே மடித்து வைத்துவிட்டாளாம். அளவுக்கம்பு இத்தனை நாளும் ஒட்டடை அடிக்கத்தான் பயன்பட்டது. அதற்கும் புதிதாகச் சிவப்பும் வெள்ளையும் அடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

முத்திருளன் அன்று நின்ற இடம் இப்போது வண்டிகள் கீழே இறங்கும் சரிவு. அதன் ஓரச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். ஒச்சாயி நின்ற இடம் அப்படியே இருந்தது. வளைவுகளைத் தேய்த்துக் கழுவி வார்னிஷ் பூசியிருந்தார்கள். அவற்றுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு, கதவுக்குள்ளே சேலை கட்டிய பொம்மைகள். ஒச்சாயி கம்பை ஊன்றி, சேலையை இழுத்துவிட்டு, முத்திருளனை நேராகப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தாள். நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அடிக்கடி வருகிற விஷயமில்லை அது.

"எடுக்கவா?" என்றார் முத்திருளன்.

எடுங்க என்பதுபோல அவள் தலையசைத்தாள். அவர் கேமராவை நெஞ்சிலிருந்து கண்ணுக்கு உயர்த்தினார். ஒச்சாயியின் கழுத்து திரும்பியது. முகம் சுவர்ப் பக்கம் போய்விட்டது. கேமராவில் சத்தம் கேட்டது.

"வந்துருச்சா?" என்று கேட்டாள், மறுபடி எங்கள் பக்கம் பார்த்து.

அவளுக்குத் தான் திரும்பியதே தெரியவில்லை. முத்திருளன் நடந்து போய்க் கேமராத் திரையைக் காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள். நான் திரும்பவில்லையே என்றாள். பிறகு, சரி, இன்னொன்று எடுங்கள் என்றாள். இந்தத் தடவை கண்ணைக் கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்து நரம்பு தெரிந்தது. கேமரா ஏறியது. அவள் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. முகம் பாதி வழி போய்த் திரும்பிவர முயன்று, கடைசியில் சுவரிடமே போய்விட்டது.

மூன்றாவது தடவை. நாலாவது தடவை. காவலாளி கொண்டுவந்த நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பவுடர் வழிந்து கழுத்தில் கோடாக இறங்கியது. எனக்கு அங்கிருந்து போய்விட வேண்டும்போல இருந்தது. இத்தனை வருடமாக ஒருவரைத் திரும்பு திரும்பு என்று சொல்லிவிட்டு, ஒருநாள் காலையில் வந்து இங்கே பார் என்றால் எப்படி முடியும்.

முத்திருளன்தான் கண்டுபிடித்தார். மனைவி கையிலிருந்து கம்பை வாங்கினார். சுவரில் சாத்திப் பார்த்தார், அது வழுக்கிக் கீழே விழுந்தது. எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பித் தன் இடத்துக்குப் போனார்.

"இப்ப வேலை இல்ல ஒச்சாயி. சும்மா நில்லு" என்றார்.

கம்பு இல்லாமல் அவள் கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒன்றை இடுப்பில் வைத்தாள், எடுத்தாள், முந்தானையைப் பிடித்தாள். ஆனால் முகம் திரும்பவில்லை. கொஞ்சம் சிரி என்றார் அவர். அந்த மனிதர் அவளிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"சிரிச்சா ஆட்சேபணை வராதா?" என்றாள். அப்போது எடுத்தார்.

சுஷ்மா இரண்டு படங்களையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினாள். முகம் தெரிகிற படம் நல்ல படம். கண் சிரிக்கிறது, மூக்குத்தி மின்னுகிறது. கம்பு இல்லாததால் பழைய படத்தோடு ஜோடி சேரவில்லை என்று சுஷ்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆனாலும் வாக்கு வாக்குதான், நீங்கள் சொன்னால் இதையே மாட்டுகிறோம் என்றாள். அந்தப் பெண் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

ஒச்சாயி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இதுல நான் சினிமா பாக்க வந்தவ மாதிரி இருக்கேன்" என்றாள். பிறகு அலுப்போடு கையை வீசினாள். "கம்பு இருக்கதையே மாட்டுங்க. கால் வலிக்குது, போவோம்."

காரில் பாதி வழியில், மல்லிகையைத் தலையிலிருந்து உருவி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் சாய்ந்துவிட்டாள். எனக்கு ஆறவில்லை. இறங்கும்போது கேட்டேன், இனி உங்கள் ஊர்க்காரர்கள் எப்படி நம்புவார்கள் என்று. நம்பாவிட்டால் போகட்டும், நின்று நின்று அலுத்துப்போச்சு, நம்ப வைக்கிறதுக்கும் நிற்க முடியாது என்றாள்.

படங்களை மாட்டியாயிற்று என்று சுஷ்மா செய்தி அனுப்பிய சில நாட்களில் ஒச்சாயியே எனக்குப் போன் செய்தாள். தங்கையை சினிமாவுக்குக் கூட்டிப்போகிறேன், நீங்களும் வாருங்கள் என்றாள். படத்தைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"சொல்லல. சொல்லிச் சொல்லித்தான் பாத்தாச்சே. கூட்டிக்கிட்டு மட்டும் வாரேன். தெரிஞ்சா தெரியட்டும்."

சின்னத்தாயை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். அக்காவைவிடக் குட்டை, அக்காவைவிட வாய். நகரும் படிக்கட்டைப் பார்த்ததும் அதில் ஏற மாட்டேன் என்று சண்டை போட்டாள். லிப்ட்டில் ஏறினோம். வாசலில் காவலாளி தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்ட அநியாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே மூன்றாவது மாடிக்கு வந்தாள். என்னிடம் மட்டும் அதிகம் பேசவில்லை. அக்காவின் வக்கீல் என்றுதான் என்னை நினைத்திருப்பாள்.

டிக்கெட் கிழிக்கும் இடத்தைத் தாண்டியதும் எதிரே அந்தச் சுவர். நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. இடது பக்கம் பழைய ஒச்சாயி, கறுப்பு வெள்ளையில். வலது பக்கம் கிளிப்பச்சைச் சேலையில் இன்றைய ஒச்சாயி. இரண்டு பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். இரண்டு கல்லூரிப் பெண்கள் அதன் முன்னால் அதே மாதிரி முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒச்சாயி அங்கே கிடந்த சோபாவில் போய் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். சின்னத்தாயைக் கூப்பிட்டுக் காட்டிவிடலாமா என்று வாய் துடித்தது. ஒச்சாயி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அந்தப் பிடியில்தான் தெரிந்தது, அவளுக்கு எதுவும் அலுத்துப்போகவில்லை.

சின்னத்தாய் சுவரைத் தாண்டிப் போய்விட்டாள். எந்தக் கதவு நமக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். கூட வந்தவர்களைக் காணோமே என்று திரும்பினாள். திரும்பியவள் நின்றாள். கல்லூரிப் பெண்களை விலக்கிக்கொண்டு பழைய படத்துக்குக் கிட்டே போனாள். தலையைப் பின்னால் சாய்த்து அண்ணாந்து பார்த்தாள். புதுப் படத்தைப் பார்த்தாள். மறுபடி பழையதைப் பார்த்தாள்.

"ஏக்கா, இது நீயில்ல?"

ஒச்சாயி என் மணிக்கட்டை விடவில்லை. முகமே இல்லையே, எப்படித் தெரிந்தது என்று நான்தான் கேட்டேன். சின்னத்தாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள், இதென்ன கேள்வி என்பதுபோல.

"புல்லுக்கட்டத் தூக்கிக்கிட்டு வரப்புல இவ முன்னாடி போவா, நான் பின்னாடி போவேன். எம்புட்டு வருசம். இவ முதுகப் பாத்துத்தானம்மா நான் நடந்தேன். எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டுத் திரும்ப அண்ணாந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. சோபாவுக்கு வந்து, கூட்டத்துக்குக் கேட்காதபடி குனிந்து, குரலை இறக்கிக் கேட்டாள்.

"எதுக்குக்கா சுவத்தப் பாத்து நிக்க வச்சிருக்காக? என்னக்கா செஞ்ச?"

இத்தனைக்குப் பிறகும் அதே கேள்வி. நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் ஒச்சாயி என் கையை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். தங்கை முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"வேல பாத்துக்கிட்டு இருக்கேன்டி" என்றாள்.

சின்னத்தாய் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயுந்தான்."

சின்னத்தாய், தண்ணீர் பாட்டிலை வாசலில் பறிகொடுத்ததையும் மறந்து, வெறுங்கையை அக்காவின் முழங்காலில் வைத்தாள். வலிக்கிறதா என்று கேட்டாள். நாங்கள் உள்ளே போவதற்குள் படம் ஆரம்பித்துவிட்டிருந்தது.